'முதல்' என்னும் மயக்கம்

ஆசிரியர்களும் பெற்றோரும் ஒருங்கே இருக்கும் ஒரு புலனக் குழுவில் அண்மையில் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வலம் வந்தன. சோதனைக்குழாய்க் குழந்தையை உலகிலேயே முதலில் உருவாக்கியவர்கள் நம் முன்னோர். கௌரவர் நூற்றுவர் நெய்க்குடங்களில் வளர்ந்ததே சான்று என்றது ஒன்று. ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்தவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழர். தமிழரென்று தலை நிமிர்வோம் என்றது மற்றொன்று. இரண்டுக்கும் கைதட்டும் படங்கள் சம அளவில் வந்து குவிந்தன. அந்தச் சம அளவுதான் என்னை எழுத வைத்தது.

முதற்செய்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 சனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே ஒரு துணைவேந்தர் மேடையேறி இதைச் சொன்னார். அறிவியலாளர்கள் பலர் வெட்கித் தலைகுனிந்து கண்டித்தார்கள். பாரதத்தைக் கதையாகச் சொல்ல எனக்கும் விருப்பம்தான், மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் குடத்தில் குழந்தை வளர்ந்ததாகக் கற்பனை செய்வது ஒரு வேலை. சினைமுட்டையை எந்தக் கரைசலில், எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம் வைத்தால் கரு பிழைக்கும் என்று தோற்றுத் தோற்றுக் கண்டறிந்து, அதைப் பிறர் செய்து பார்க்கும்படி எழுதி வைப்பது வேறொரு வேலை. இவ்விரண்டையும் ஒன்றென நம்பும் ஆசிரியர் அறிவியல் பாடவேளையைத் தயவுசெய்து வேறொருவருக்கு விட்டுக் கொடுக்கட்டும்.

இரண்டாம் செய்தி அப்படித் தள்ளிவிடக் கூடியதன்று. அதில் உண்மை இருக்கிறது. அதனாலேயே அதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

செய்தி குறிப்பிடும் தமிழர் பேராசிரியர் சா. ச. இரத்தினம் என்று சிலர் எழுதுகிறார்கள். சரியான பெயர் சிற்றம்பலம் சண்முகரத்தினம். உலகம் அவரை எஸ். எஸ். ரத்னம் என்றே அறியும். 1928இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சிங்கப்பூர் அதிபர் தர்மனின் தந்தையாரான பேராசிரியர் க. சண்முகரத்தினம் வேறு, அவர் நோய்க்குறியியல் அறிஞர். நம் ரத்னம் மகப்பேற்று மருத்துவர். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றியல் துறையைக் கால் நூற்றாண்டு வழிநடத்தியவர். 1983 மே மாதம், அக்காலத்தில் அத்துறை இயங்கிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், அவருடைய குழுவின் முயற்சியால் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. 'ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை' என்று இன்றளவும் எழுதப்படுவது அக்குழந்தையைப் பற்றித்தான்.

கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம் என்பதை மலாய் அறிந்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்த மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்து அது உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. மக்கள்தொகை பெருகுகிறது, இரண்டோடு நிறுத்துங்கள் என்று 1970களில் அரசே பரப்புரை செய்த நாடு அது. குழந்தை இல்லையே என்று ஏங்குவோரைப் பற்றி அத்தகைய ஊரில் ஒருவர் ஆய்வு செய்ய முனைந்தது சிறிய துணிவன்று.

ஆனால் 'ஆசியாவின் முதல்' என்பது உண்மையா?

1978 சூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். சரியாகப் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3ஆம் நாள், கல்கத்தாவில் துர்கா என்று பெயரிடப்பட்ட ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தை பிறக்கக் காரணமானவர் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி. இனப்பெருக்க உடலியலில் கல்கத்தாவிலும், இனப்பெருக்கச் சுரப்பியியலில் எடின்பரோவிலும் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடன் பணியாற்றியவர்கள் உறைகுளிர் அறிஞர் சுனித் முகர்ஜியும், மகப்பேற்று மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும். சிங்கப்பூருக்கு நான்கரை ஆண்டுகள் முன்னதாக! ஆக, நம் புலனச் செய்தியின் பெருமிதம் கல்கத்தாவில் ஒரு வங்காளியிடம் தோற்றுப் போகிறது. தமிழர் என்பதற்காக இதை மறைக்க வேண்டுமா? மறைப்போர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எனினும் நாள்காட்டியைக் காட்டி 'முதல்' பட்டத்தை ஒருவர் கழுத்திலிருந்து கழற்றி மற்றொருவர் கழுத்தில் போடுவதற்காக நான் இதை எழுதவில்லை. முகர்ஜி செய்த வேலையைப் பாருங்கள். ஓல்டாமில் எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ இருவரும் இயற்கையாக முதிரும் ஒற்றைச் சினைமுட்டைக்காகக் காத்திருந்து, வயிற்றில் துளையிட்டு உட்காண் கருவி வழியாக அதை எடுத்தார்கள். முகர்ஜியோ சுரப்பிநீர் மருந்து கொடுத்துப் பல முட்டைகளை முதிரச் செய்தார். அவற்றை வயிற்றைத் துளைக்காமல் பிறப்புறுப்பு வழியாகவே எடுத்தார். உருவான கருவை டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்னும் வேதிப்பொருளின் துணையோடு உறையவைத்து, 53 நாள் பாதுகாத்து, தாயின் உடல் ஓய்வு பெற்ற பின் வேறொரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பையில் வைத்தார்.

இன்று நம் பினாங்கில் உள்ள கருத்தரிப்பு மையங்களுக்கு இந்தோனேசியாவிலிருந்துகூட இணையர் வந்து போகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மருந்தால் முட்டைகளைப் பெருக்குகிறார்கள். பிறப்புறுப்பு வழியே எடுக்கிறார்கள். கருவை உறையவைத்துப் பின்னொரு சுழற்சியில் வைக்கிறார்கள். முகர்ஜி 1978இல் நடந்த பாதையில்தான் உலகம் நடக்கிறது.

அப்படியானால் இன்றைய மருத்துவத்தின்மீது அவர் ஆய்வின் தாக்கம் எவ்வளவு? ஏறத்தாழ ஒன்றுமில்லை. இக்கட்டுரையின் கசப்பான செய்தி இதுதான். அப்பாதையை உலகம் அவரிடமிருந்து கற்கவில்லை. உறைந்த கருவிலிருந்து கருத்தரிப்பு நிகழ்ந்ததை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் டிரவுன்சனும் மோரும் 1983இல் அறிவித்தார்கள். அவ்வழியில் 1984இல் குழந்தை பிறந்தது. உலகம் அவர்களைப் படித்துக் கற்றது. முகர்ஜி செய்ததை, செய்யாதவர்போல மீண்டும் ஒருமுறை பிறர் கண்டறிய வேண்டியிருந்தது.

ஏன் இப்படி? அவர் குறைவாகவே எழுதினார் என்பது ஒரு காரணம். இந்திய உறைகுளிரியல் இதழில் 1978இல் ஒரு சுருக்கமான குறிப்பு வந்தது; அதற்குமேல் விரிவாக வெளிவரவில்லை. செய்தி நாளிதழ்களில் முந்திக்கொண்டது. இக்குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் விரிவாக எழுதுவதற்கு அவரை விட்டார்களா என்பதையும் கேட்க வேண்டும். 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் ஒரு வானொலி அலை இயற்பியலார்! மனிதக் கருவைக் கையாண்ட பட்டறிவு குழுவில் எவருக்கும் இல்லை. இவர் கூற்று நம்பத்தக்கதன்று என்று முடிவு கட்டினார்கள். தம் ஆய்வை எடுத்துரைக்க ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. போக அனுமதி மறுத்தார்கள். 1981இல் அவரைக் கண் மருத்துவக் கழகம் ஒன்றுக்கு மாற்றினார்கள். சினைமுட்டையை ஆய்ந்தவருக்குக் கண் மருத்துவத்தில் என்ன வேலை? அவ்வாண்டே அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

பெற்றோர்களே, இங்கே உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். முகர்ஜியிடம் இருந்த மிகப் பெரிய சான்று அந்தக் குழந்தைதான். அக்குழந்தையின் பெற்றோரோ ஊர் பழிக்குமே என்று அஞ்சித் தங்களை வெளிப்படுத்திக்கொள்ள விரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கால ஊரின் வாய் அப்படி. ஆனால் இன்றைய நம் ஊரின் வாய் எப்படியிருக்கிறது? உயிரினங்களின் இனவிருத்தி என்ற பாடம் வந்தால், ஆடும் கோழியும் வரை சரி, மனிதரைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லியனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். கருப்பை என்ற நல்ல தமிழ்ச்சொல்லை உச்சரிக்கக் கூசி, கையால் வயிற்றைக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவும் ஆசிரியரும் இருக்கிறார்கள். உலகில் இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இம்முறையில் பிறந்திருக்கிறார்கள். நம் வகுப்பில் கண்முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளிலேயே ஒருவரோ இருவரோ அப்படிப் பிறந்தவராக இருக்கலாம். அந்தப் பிள்ளை தன் பிறப்பைப் பற்றி நம் கூச்சத்திலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? வாயால் சொல்லக் கூசுகிற ஓர் அறிவியலில் 'நாமே முதல்' என்று புலனத்தில் மார்தட்டுவது எனக்கு விளங்கவே இல்லை.

இனி நான் மிகவும் மதிக்கும் மனிதருக்கு வருகிறேன். தி. ச. ஆனந்தகுமார். மும்பையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் இனப்பெருக்க ஆய்வுக் கழகத்தை நடத்தியவர். 1986 ஆகஸ்ட் 6ஆம் நாள் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தபோது, மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும் இவரும் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர்கள் என்று போற்றப்பட்டார்கள். நூல்களில் ஏறிவிட்ட புகழ் அது. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1997இல், கல்கத்தாவில் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் ஆனந்தகுமாரின் கைக்கு வந்தன. அவர் என்ன செய்திருக்கலாம்? புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கலாம், கேட்பார் யாருமில்லை. அவரோ அவற்றை வரிவரியாகப் படித்தார். இத்துறையைக் கரைத்துக் குடித்தவர் ஆதலால், இது நடந்த வேலைதான் என்று அவருக்கு விளங்கியது. அதே ஆண்டில் 'கரண்ட் சயன்ஸ்' ஆய்விதழில், இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையின் சிற்பி சுபாஷ் முகர்ஜியே என்று தம் பெயரிட்டு எழுதினார். தம் தலையில் இருந்த முடியைத் தாமே எடுத்து, பதினாறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவர் தலையில் வைத்தார்.

இம்மனிதரின் பெயர் எந்தப் புதிர்ப்போட்டியிலும் கேட்கப்பட்டதாக நான் அறியேன். கேட்க மாட்டார்கள். அவர் 'முதல்' பட்டத்தை விட்டுக் கொடுத்தவர் அல்லவா!

'முதல்' பித்துப் பிடித்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. உலகின் முதல் கிடைக்காவிட்டால் ஆசியாவின் முதல். அதுவும் போனால் இந்தியாவின் முதல். பிறகு தென்னிந்தியாவின் முதல், மாநிலத்தின் முதல், தனியார் மருத்துவமனையின் முதல் என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போகலாம். எந்த வட்டத்திலாவது நாம் முதலாகிவிடுவோம்.

ரத்னத்தின் பெருமையும் அந்த வட்டத்தில் இல்லை. 1983க்குப் பின் அவர் துறையில் என்ன நடந்தது என்பதில் இருக்கிறது. இலங்கையில் பிறந்த கால்நடை மருத்துவர் ஆரிஃப் பொங்சோவைப் பற்றி உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? 1980களின் தொடக்கத்தில் அவர் நம் செர்டாங்கில், அன்றைய மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தில், எருமைகளின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். சேற்றெருமைக்கு 48, ஆற்றெருமைக்கு 50, இரண்டும் கலந்து பிறக்கும் கன்றுக்கு 49. எருமையை எண்ணி என்ன பயன் என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவரைத்தான் ரத்னத்தின் துறை சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டது. எருமைத் தொழுவத்தின் மரபுக்கு எருமை மருத்துவர் வந்தது பொருத்தம்தான்! மனிதக் கருவை வெறும் கரைசலில் வளர்க்காமல், கருக்குழாயின் உயிரணுக்களோடு சேர்த்து வளர்த்தால் அது நன்கு செழிக்கிறது என்று பொங்சோ காட்டினார். 1994இல் ஐந்து நாள் கருவின் உட்பகுதி உயிரணுக்களைத் தனியே பிரித்து வளர்த்த ஆய்வு அவர் பெயரிலும் ரத்னம் முதலியோர் பெயரிலும் வெளிவந்தது. மனிதக் கருவின் குருத்தணுக்களை நோக்கிய முதல் அடிகளில் அது ஒன்று. இரண்டு தலைமுறைக்குமேல் அவ்வணுக்களை அப்படியே நிலைக்க வைக்க அவர்களால் இயலவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தாம்சன் அதை நிலைநிறுத்தினார். புகழ் அவருக்குப் போயிற்று. 2000த்தில் பொங்சோவோடு சேர்ந்து குருத்தணு ஆய்வு வெளியிட்டவர்களில் ஒருவர், கருவை உறையவைத்த அதே மெல்பர்ன் டிரவுன்சன்.

ஆய்வின் தாக்கம் என்று நான் எண்ணுவது இதைத்தான். பல்கலைக்கழகங்கள் மேற்கோள்களை எண்ணுகின்றன, நாம் 'முதல்'களை எண்ணுகிறோம். ஒருவர் எழுதி வைத்ததை இன்னொருவர் எடுத்துச் செய்து பார்த்து, பிழையைக் களைந்து, மேலே ஓர் அடி வைக்க முடிந்ததா? சிங்கப்பூரில் முடிந்தது. கல்கத்தாவில் முடியவிடாமல் செய்தார்கள். இரண்டு இடத்திலும் அறிவு ஒன்றுதான். சுற்றியிருந்த மனிதர்கள்தாம் வேறு.

இங்கிலாந்திலும் எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. 1971இல் எட்வர்ட்ஸ் குழுவுக்கு நிதி தர அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றம் மறுத்தது. ஆனால் எழுதாதே, பேசாதே, கண் மருத்துவமனைக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. தோல்வி அடுக்கடுக்காக வந்தது. கருவை வைத்தும் கருத்தரிக்காத முயற்சிகள் நூற்றை எட்டின. அவற்றையெல்லாம் பொறுமையாகக் குறிப்பேடுகளில் பதிந்து வைத்தவர் ஜீன் பர்டி என்ற செவிலியர். பின்னர்க் கருவியல் வல்லுநராகவே ஆனவர். 1985இல் இளவயதிலேயே மறைந்தார். 2010இல் எட்வர்ட்ஸ் நோபல் பரிசு பெற்றபோது அவர் பெயர் பலருக்குத் தெரியாது. அந்தத் தோல்விகளை இன்று ஆய்வாளர்கள் எண்ணிச் சொல்ல முடிகிறதென்றால் அது அக்குறிப்பேடுகளால்தான்.

குறிப்பேடு என்றதும் நம் பள்ளிகளுக்கு வந்துவிடுகிறேன். எனக்கு வலிக்கிற இடம் இது. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பச்சைப்பயறு முளைக்க ஒளி தேவை என்று கருதுகோள் எழுதினாள். ஒரு குவளையைச் சன்னலோரம் வைத்தாள். மற்றொன்றை அலமாரிக்குள் வைத்தாள். இரண்டிலும் முளைத்தது. அலமாரிக்குள் இருந்தது வெளிறிப்போய் இன்னும் நீளமாக வளர்ந்திருந்தது. அவள் அப்படியே எழுதினாள்: 'என் கருதுகோள் தவறு. முளைக்க ஒளி தேவையில்லை. ஆனால் ஏன் நீளமானது?' ஒரு பள்ளி ஆசிரியரின் வாழ்வில் அத்தகைய வரியைப் படிக்கும் நாள்கள் சிலவே. அதைப் போட்டிக்குக் கொண்டுபோனோம். ஒரு நடுவர், தோற்றுப்போன ஆய்வை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். பரிசு, பெற்றோர் தட்டச்சுச் செய்து வண்ண அட்டை போட்ட, எல்லாக் கருதுகோளும் 'சரி' என்று முடிந்த ஒரு தொகுப்புக்குப் போயிற்று.

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அத்தேர்வு மனத்தை மட்டும் எவராலும் நீக்க முடியவில்லை. உற்றறிதல், கருதுகோள், மாறிகள் என்று அழகிய தமிழ்ச்சொற்களை மனனம் செய்ய வைக்கிறோம். உற்றறிந்ததை உள்ளபடி எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். முளைக்காத விதையை எறிந்துவிட்டு முளைத்த விதையை மட்டும் படம் பிடிக்கச் சொல்லும் பெற்றோர்களே, கோபித்துக் கொள்ளாதீர்கள். கல்கத்தாக் குழுவில் அமர்ந்திருந்தவர்களும் படித்தவர்கள்தாம், பிள்ளை பெற்றவர்கள்தாம்.

தமிழர் பெருமை பேசுவதே தவறென்று நான் சொல்வதாகச் சிலர் திரித்துக் கூறக்கூடும். ரத்னத்தைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு வந்தவர், எருமையை ஆய்ந்தவரையும் தம் துறையில் சேர்த்துக்கொண்டவர், தம் குழுவின் குறையையும் அச்சில் ஏற்றிய ஆய்வில் பெயர் இட்டவர் என்று சொல்லுங்கள். அவருக்கு முன்பே கல்கத்தாவில் ஒருவர் செய்திருந்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள், குழம்புவது நாம்தான்.

இவ்வாண்டு அறிவியல் புதிர்ப்போட்டிக்கு வினாத்தாள் தயாரிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 'முதல் சோதனைக்குழாய்க் குழந்தை யார், எந்த ஆண்டு' என்ற வினா வழக்கம்போல் இருந்துவிட்டுப் போகட்டும். அதனடியில் இன்னொன்றைச் சேருங்கள்: 'மருத்துவர் ஒருவர் தாம் ஒன்றைச் செய்ததாகச் சொல்கிறார். அதை நம்புவதற்கு முன் அவரிடம் எந்த மூன்று கேள்விகளைக் கேட்பாய்?' ஒரு சொல்லில் விடை வராது, மதிப்பெண் இடுவது கடினம் என்பீர்கள். அந்த ஒரு வினாவைத் திருத்தும் பணியை நான் ஏற்றுக்கொள்கிறேன். தாள்களைப் பள்ளிக்கே அனுப்பி வையுங்கள்.